ஒரு முழுப் புள்ளி

அந்தப் புள்ளி என் பெயரில்தான் இருக்கிறது.
குத்தாயிசி நகரக் குளிர்காலப் போட்டி, ஏழாம் சுற்று.
கறுப்பு: உஷாங்கி, பல் மருத்துவர். ஒன்று.
வெள்ளை: லமாரா ஷோனியா,
கட்டுமானப் பொறியியல் பேராசிரியர். பூஜ்யம்.
தாளைப் பார்க்கிறவர்கள் என் தோளைத் தட்டுகிறார்கள்.
தட்டட்டும்.

இருபத்தாறு நகர்த்தல்களாக என்னை
அவசரமில்லாமல் நெரித்துக்கொண்டிருந்தார்.
என் யானைகள் இரண்டும் மூலையில்
கட்டிப்போட்டதுபோல் நின்றன.
வால்நட்டைக் கடைவாயில் வைத்து உடைப்பார்,
ஓட்டைக் கைக்குட்டையில் சேர்ப்பார்,
பலகையைப் பார்க்கமாட்டார்.
பலகைக்கும் எனக்கும் நடுவில்
ஏதோ தொங்குவதைப் பார்ப்பார்.

ரியோனி ஆற்றின்மேல், சந்தைக்குப் போகும்
பழைய இரும்புப் பாலம்
தூணில் நிற்கவில்லை, அவர் கையெழுத்தில் நிற்கிறது
என்று ஊரில் ஒரு பேச்சு.

இருபத்தேழாவது நகர்த்தல். குதிரையைத் தூக்கினார்.
அது எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும்.
இறங்கினால் என் கதை முடிந்தது.
தூக்கிய குதிரை கையிலேயே நின்றது.
பிறகு கேட்டார், என்னை அல்ல, குதிரையை:
“நீ போய்விட்டால்
இங்கே உன் பாரத்தை யார் சுமப்பது?”

ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் நாளாகப் பனி.

இரண்டு வருடம் முன்பு
குடிநீர்க் குழாய்க்கு வழிவிட
ஒரு குறுக்குக் கம்பியைக் கழற்றக் கேட்டிருந்தார்கள்.
கணக்குப் போட்டுத்தான் ஒப்பமிட்டாராம்.
ஆனால் பனியும் கல் லாரிகளும்
ஒரே நாளில் வந்தால்? அதைச் சேர்த்தோமா?
ஞாபகமில்லை.

இதெல்லாம் நான் பிற்பாடு கேள்விப்பட்டது.
அன்று கண்ணால் கண்டது இவ்வளவுதான்:
குதிரையைப் பழைய கட்டத்திலேயே வைத்தார்,
எழுந்தார், நடுவரின் மேசைக்குப் போனார்,
எங்கள் கைபேசிகள் உறங்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

விதி யாருக்கும் புதிதல்ல.
ஆட்டத்தின் நடுவே தொட்டால் தோல்வி.
நடுவர் பாதி எழுந்து பாதியில் நின்றார்.
அவர் அதற்குள் பேசிக்கொண்டிருந்தார்:
“பாலத்தை மூடுங்கள். இல்லை, நாளைக்கு இல்லை.”

நான்கு நாள் மூடினார்கள்.
ரொட்டி வண்டிகள் பதினொரு கிலோமீட்டர் சுற்றின.
மீன் விற்கிறவர்கள் அவர் பெயரைச் சொல்லித்
தலையை வெட்டினார்கள்.
சுத்தியலால் தட்டி, விளக்கடித்து,
இரும்புக்குள் ஒலியை அனுப்பிப் பார்த்ததில்
விரிசல் இல்லை. மயிரிழைகூட இல்லை.
பழைய கணக்குத் தாளும் கிடைத்தது.
பனி அதில் இருந்தது,
அவருடைய சாய்ந்த சிறிய எழுத்தில்,
இரண்டு முறை அடிக்கோடிட்டு.

ஊர் சிரித்தது.
கல்லூரியில் யாரோ கரும்பலகை நடுவில்
பெரிய தொலைபேசி ஒன்றை வரைந்து வைத்தார்களாம்.
அழிக்கவில்லை அவர்,
அதைச் சுற்றிச் சமன்பாடுகளை எழுதி முடித்தார்.

நானும் சிரித்திருப்பேன்,
வேறு தொழில் பார்த்திருந்தால்.

மார்ச்சில் வந்தார், கீழ்த்தாடையில் வலி என்று.
ஒரு பல்லில் சொத்தை. அது சுலபம்.
அடுத்ததைக் கண்ணாடியின் பிடியால் தட்டினேன்,
படம் எடுத்தேன், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
“ஆனாலும் அந்தப் பக்கம்
இனி வால்நட் உடைக்காதீர்கள்” என்றேன்.
நிமிர்ந்து, நேராக, என்னைப் பார்த்தார்.
நடுவில் எதுவும் தொங்கவில்லை.

சொத்தைக்கு ஊசி போட்டேன்.
மரத்துப்போகப் பத்து நிமிடம்.
கைப்பையிலிருந்து காந்தப் பலகையை எடுத்து
என் இடுக்கிகளை ஒதுக்கித் தட்டில் வைத்தார்.
காய்களை அடுக்கினார். ஒன்றும் தவறவில்லை,
மூலையில் என் யானைகள் உட்பட.
குதிரையைத் தூக்கினார். இந்த முறை இறக்கினார்.

“உங்க முதை, தாக்தர்”
என்றது பாதி உதடு.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
வெளியே மூன்று பேர்
கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.